சங்கிலி போட்ட ஸ்டூல்

பாலத்தின் மேல் தண்ணீர் மட்டும் ஏறாமல் இருந்திருந்தால், அந்த ஆஸ்பத்திரி வாசலை அவள் செத்தாலும் மிதித்திருக்க மாட்டாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கற்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பிரேக்கு'. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருந்தால், பக்கத்தில் உட்காரும் டீச்சர் காலடியிலும் ஒன்று இருக்கும். கற்றுக்குட்டி சுவரைப் பார்த்துப் போனாலும் சரி, குளத்தைப் பார்த்துப் போனாலும் சரி, அவள் முகத்தில் ஒரு சுளிப்பு விழாது. கால் மட்டும் கீழே இறங்கும். வண்டி நிற்கும்.

"ஸ்டியரிங் உங்க கையில இருக்கு, சரி. ஆனா வண்டிக்குள்ள நானும் இருக்கேன்ல?" என்பாள்.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அவள் காலடியில் பிரேக் இல்லாமல் போனது. மூத்த மகள் பிறந்த அன்று. இதே ஆஸ்பத்திரியில்.

அன்று ஓர் ஆயா ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு கைகளையும் அவள் வயிற்று மேட்டில் ஊன்றி, தன் பாரம் முழுவதையும் இறக்கினாள். "வேண்டாம், வேண்டாம்" என்று இவள் கத்திக்கொண்டிருக்கும்போதே கீழே கத்தரி நுழைந்தது. மரத்துப்போக ஊசி இல்லை. வெட்டட்டுமா என்று ஒரு வார்த்தை இல்லை. வெட்டு வெட்டோடு நிற்காமல் ஆசனவாய் வரை கிழித்துக்கொண்டு போனது. "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கிறதுதான்" என்று அவசர அவசரமாகத் தைத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் இருமப் பயந்தாள். தும்மப் பயந்தாள். வாய்விட்டுச் சிரிக்கப் பயந்தாள். வாயு அடங்கவில்லை; சில நாள் அதற்கு மேலும் அடங்கவில்லை. கொட்டும் மழையிலும் பயிற்சிக் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டே உட்கார்ந்தாள். "டீச்சருக்குக் காத்து வேணும்" என்று பிள்ளைகள் கேலி பேசினார்கள். கட்டிய கணவனிடம்கூட வெகுநாள் மூச்சு விடவில்லை. கடைசியில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவர் அந்த இடத்தைப் பிரித்து, பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தார். இரண்டாவது பிரசவத்துக்கு அங்கேதான் ஏற்பாடு. உட்கார்ந்து பேசி முடிவெடுத்தாயிற்று. அவசரப்படுத்தக் கூடாது. வயிற்றை அமுக்கக் கூடாது. கேட்காமல் கத்தரி படக் கூடாது.

பேசியது என்ன பிரயோசனம்? நாள் தள்ளி வரவேண்டிய வலி முந்திக்கொண்டது. மழையும் சேர்ந்துகொண்டது.

"அண்ணி, மூச்சை விடுங்க, மூச்சை விடுங்க" என்று நாத்தனார் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கணவனின் தங்கை. கல்லூரி முடித்துவிட்டு செல்போன் கடையில் இருக்கிறாள். நிறுத்தாமல் பேசுவாள் என்பதால் வீட்டில் அவள் 'ரேடியோ'.

வார்டு வாசலில் கணவனை நிறுத்திவிட்டார்கள். "ஆம்பளைங்க வெளியே" என்றாள் உள்ளிருந்து வந்த ஆயா. அகன்ற தோள், உருண்ட முன்னங்கை. அந்தக் கைகளைப் பார்த்ததும் டீச்சருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மறக்கக்கூடிய கைகளா அவை? 'பயில்வான்' என்று அன்றே பக்கத்துக் கட்டில்காரிகள் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

பட்டப்பகல்தான். ஆனாலும் மழை இருட்டு வார்டுக்குள் அந்தி மாதிரி இறங்கியிருந்தது. பினாயில் வாசனை. அதற்கு அடியில் ஈரச் சுண்ணாம்பின் வாடை. அதற்கும் அடியில், கழுவிக் கழுவியும் போகாத ஏதோ ஒன்று, துருப்பிடித்த இரும்பைப் போல.

கூரை ஒழுகியதில் மற்ற கட்டில்களையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிப் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஜன்னலோரக் கட்டில் ஒன்றுதான். பயில்வான் ஆயா அதைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"வேற வழியில்ல. இதுல படு."

ஜன்னல் கம்பியில் ஒரு சங்கிலி பூட்டியிருந்தது. சங்கிலியின் மறுமுனையில் ஒரு ஸ்டூல். இரண்டு படி வைத்த மர ஸ்டூல்.

அதே ஸ்டூல்.

"ஏன் ஆயாம்மா, ஸ்டூலுக்குப் போய் எதுக்குச் சங்கிலி? தங்கத்துல பண்ணியிருக்கீங்களா?" என்றாள் ரேடியோ.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு பொண்ணே."

"சும்மா இருந்தா எனக்குக் காய்ச்சல் வரும். சொல்லுங்க."

ஆயா குரலைத் தாழ்த்தினாள். "அது நகருது."

"ஸ்டூலா?"

"உங்கண்ணியை எனக்கு ஞாபகம் இருக்கு. அவ பெத்துட்டுப் போனதுக்கு அடுத்த மழையில, இதே கட்டில்ல ஒருத்தி. அமுக்கும்போது உள்ள கர்ப்பப்பை வெடிச்சுப்போச்சு. பிள்ளை பொழைச்சுது, அவ போயிட்டா. அவ ஆயுசு அவ்வளவுதான், யாரு என்ன பண்றது? அன்னையிலிருந்து யாருக்காவது வலி எடுத்தா இந்த ஸ்டூல் தானா வாசலுக்குப் போய் நிக்குது. வெளிய தள்ளுறா. திரும்ப எடுத்துட்டு வருவோம். திரும்பத் தள்ளுறா. அதான் சங்கிலி." ஆயா ஜன்னலைப் பார்க்காமலே தலையை அந்தப் பக்கம் அசைத்தாள். "ஜன்னல்காரின்னு சொல்லுவோம். கட்டில்ல கிடக்கிறவ உசிரைக் கேட்டு வர்றா."

"நல்லா ஆறுதல் சொல்றீங்க போங்க" என்றாள் ரேடியோ. ஆனால் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஜன்னலைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

 டீச்சருக்கு வலி அலையலையாக வந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலை வடியும்போதும் கண் தானாக அந்த ஸ்டூலுக்கே போனது.

பேய்க்குப் பயப்பட அவளுக்கு நேரமில்லை. பயமெல்லாம் அந்த இரண்டு படிகள் மேல்தான்.

ரேடியோ வெந்நீர் கேட்கப் போனாள். மின்சாரம் ஒருமுறை கண்ணடித்துவிட்டு அணைந்தது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

கட்டிலைச் சுற்றிய பச்சைத் திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

வெறுங்கால்கள். குதிகாலில் வெடிப்பு. நனைந்திருந்தன. கணுக்காலின் உள்பக்கம் ஏதோ கருப்பாக, மெல்லிய நூலாக, வழிந்துகொண்டிருந்தது.

"ஆயாம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள் டீச்சர்.

"இரும்மா, வர்றேன்" என்று ஆயாவின் குரல் கேட்டது.

வார்டின் மறுகோடியிலிருந்து.

கால்கள் அசையவில்லை.

 அடுத்த அலை வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது திரைக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஈரத் தடம் மட்டும் திரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது.

கட்டில் வரைக்கும்.

கிளுக்.

சங்கிலி.

கிளுக். கிரீச்ச்…

ஸ்டூல் வாசலைப் பார்த்து நகர்ந்தது. சங்கிலி விறைத்து, இழுபட்டு, ஜன்னல் கம்பி முனகியது. அதற்கு மேல் போக முடியாமல், கட்டிப்போட்ட நாய் மாதிரி ஸ்டூல் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

ரேடியோ வெந்நீர்க் குடுவையோடு திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள். பேசத் தெரிந்த நாள் முதலாக முதல் தடவையாக அவளிடமிருந்து சத்தமே வரவில்லை.

"பார்த்தியா?" என்று டீச்சர் கிசுகிசுத்தாள்.

தலை மட்டும் ஆடியது.

"என்கிட்ட வரலடி அது. வாசலுக்குப் போகப் பார்க்குது."

"அண்ணி, இந்த நேரத்துல உங்களுக்கு ஆராய்ச்சியா?"

கையில் டார்ச்சோடு டாக்டரம்மா வந்தார். வேகமான நடை, வேகமான பேச்சு, ஒரே நாளில் எத்தனையோ பிரசவம் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த முகம். டீச்சரை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஓ, நீயா? போன தடவை கத்தி ஊரைக் கூட்டினவதானே?"

"இந்தத் தடவையும் கூட்டுவேன், டாக்டர். முதல்லயே சொல்லிடுறேன். போன தடவை நீங்க வெட்டினது பின்பக்கம் வரைக்கும் கிழிஞ்சு, வேற இடத்துல போய்ச் சரிபண்ணிட்டு வந்திருக்கேன். என் வயித்துல யாரும் ஏறி அமுக்கக் கூடாது. கேட்காம வெட்டக் கூடாது."

டாக்டரம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு பழையபடி ஆனது. "எத்தனை பேரைப் பார்க்கிறேன். ஒவ்வொருத்தி சட்டத்துக்கும் ஆடிட்டிருந்தா பொழுது சாஞ்சிரும். டாக்டர் நீயா, நானா?"

"டாக்டர் நீங்கதான். உடம்பு என்னுது."

"ஆமா டாக்டர்" என்றாள் ரேடியோ, குரல் திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில். "எங்கண்ணி ஒண்ணு சொன்னா எங்கண்ணனே எதிர்த்துப் பேச மாட்டாரு."

 டாக்டரம்மா கையுறை மாட்டினார், பரிசோதித்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"முழுசாத் திறந்திருச்சு. ஆனா தலை இறங்க நேரம் எடுக்குது. அங்க இன்னும் ரெண்டு பேர் காத்திருக்காங்க." தலையைத் திருப்பாமலே சொன்னார். "ஆயா, ஸ்டூல்."

சாவி திரும்பும் சத்தம். சங்கிலி அவிழ்ந்து தரையில் விழும் சத்தம். ஸ்டூலை இழுத்துக்கொண்டு வரும் சத்தம். இந்தச் சத்தத்தை எத்தனை கனவில் கேட்டிருக்கிறாள்!

"வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் டீச்சர்.

ஆயா முதல் படியில் காலை வைத்தாள்.

"வேண்டாம்!"

இரண்டாவது படி.

அப்போதுதான் வந்தது அது. வயிற்றின் மேல். ஐஸைப் போல, ஈரமாக.

ஒரு கை.

டீச்சர் வீறிடப் போனாள்.  முடிந்தது, ஜன்னல்காரி உயிரைக் கேட்டு வந்துவிட்டாள் என்று நினைத்தாள். இன்னொரு கையும் வந்து முதல் கைக்குப் பக்கத்தில் அமர்ந்தது. விரல்கள் மெல்ல விரிந்தன. மேலேற்றிய நைட்டிக்குக் கீழே திறந்து கிடந்த தோலில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குழி விழுந்தது. கையை மட்டும் காணவில்லை.

இப்போது அமுக்கும். இப்போது.

அமுக்கவில்லை.

அந்தக் கைகள் சும்மா இருந்தன. வெயிலில் பிள்ளை முகத்தை மறைத்துப் பிடிக்கிற மாதிரி, வயிற்றை மூடிக்கொண்டு இருந்தன.

டீச்சருக்குப் புரிந்தது. புரிந்ததும் கண்ணில் நீர் முட்டியது. ஜன்னல்காரி யார் உயிரையும் கேட்டு வரவில்லை. இந்த வார்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தப்பாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பயில்வான் ஆயா ஸ்டூலின் மேல் நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே உறைந்தாள்.

"டாக்டரம்மா…"

"என்ன? அமுக்கு."

"டாக்டரம்மா, இங்க… இங்க ஏற்கெனவே கை இருக்கு."

"உளறாதே."

"சத்தியமா! என் கைக்கு அடியில கை இருக்கு. ஜில்லுன்னு இருக்கு. விரலை… அய்யோ, என் விரலைப் பிடிக்குது!"

ஆயா பின்னால் சாய்ந்தாள். விழவில்லை, ரேடியோ அவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள். இருவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். ஆள் இறங்கிய ஸ்டூல் ஒரு கணம் நின்றது. பிறகு தரையை உராய்ந்துகொண்டு, யாரோ கோபத்தோடு தள்ளுகிற மாதிரி, நேராக வார்டு வாசலுக்குப் போய், கதவில் இடித்து, வெளியே உருண்டது.

டாக்டரம்மா டார்ச்சை வயிற்றின் மேல் அடித்தார்.  குழிகள் தெளிவாகத் தெரிந்தன.

"இது வலியில தசை இறுகுறது" என்றார், யாரும் கேட்காமலே. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

கை பாதி வழியில் நின்றது. மணிக்கட்டைச் சுற்றிக் கையுறை சுருங்கியது. அதற்கடியில் தோல் வெளுத்தது.

டீச்சரின் காதோரம் ஈரமான ஒரு மூச்சு வந்தது. மழைத் தண்ணீர் குழாயில் இறங்குகிற மாதிரி ஒரு குரல். நால்வருக்கும் கேட்டது.

"அவளைக் கேளு."

மழை பெய்துகொண்டே இருந்தது.

 டாக்டரம்மாவின் மணிக்கட்டு விடுபட்டது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் வாயில் வந்து பழகாத சொற்களாக இருக்க வேண்டும். தட்டுத் தடுமாறித்தான் வந்தன.

"உனக்கு… எப்படி இருந்தா சௌகரியமா இருக்கும்மா?"

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுவதற்கு இப்போது நேரமில்லை.

"ஒருக்களிச்சுப் படுக்கிறேன். இவ என் காலைப் பிடிச்சுக்கட்டும். வலி வரும்போது நான் முக்குறேன், மத்த நேரம் யாரும் 'முக்கு முக்கு'ன்னு கத்த வேண்டாம். தலை வரும்போது வெந்நீர்த் துணியைக் கீழே வச்சுத் தாங்கிக்குங்க. என்ன பண்றதா இருந்தாலும் சொல்லிட்டுப் பண்ணுங்க."

"சரி" என்றார் டாக்டரம்மா.

ரேடியோ காலைத் தூக்கிப் பிடித்தாள். "அண்ணி, நீங்க என்னைவிட ஒல்லின்னு நினைச்சிட்டிருந்தேன். காலா இது, தேக்கு மரமா?"

"வாயை மூடிட்டுப் பிடிடி."

குளிர்ந்த கைகள் வயிற்றை விட்டு அகலவே இல்லை. வலி ஏறும்போது அவையும் அதோடு ஏறின, வடியும்போது வடிந்தன. மெல்ல, மெல்ல, தலை இறங்கியது. பயில்வான் ஆயா சுவரோரத்தில் நின்று, கேட்காமலே வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து நீட்டினாள். கட்டிலின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

பிறகு டாக்டரம்மா குழந்தையின் துடிப்பைக் கேட்டார். மறுபடி கேட்டார். குனிந்து டீச்சரின் கண்ணைப் பார்த்தார்.

"கேளும்மா. பாப்பாவோட துடிப்பு குறையுது. இனிமே காத்திருக்க முடியாது. பாப்பா தலையில உறிஞ்சிப் பிடிக்கிற ஒரு கப் வச்சு, நீ முக்கும்போது நான் மெதுவா இழுக்கணும். அதுக்கு நீ மல்லாந்து படுக்கணும். தலையில கொஞ்சம் வீக்கம் இருக்கும், வடிஞ்சிரும். கீழே உனக்குக் கிழியவும் செய்யலாம். வைக்கட்டுமா?"

"வைங்க" என்றாள் டீச்சர் உடனே. "வெட்டணும்னா?"

"அவசியம் வந்தாத்தான். ஊசி போட்டு, மரத்துப்போச்சான்னு உன்னைக் கேட்டுட்டு."

"அவ்வளவுதான் டாக்டர் நான் கேட்டது. கேட்டா நான் ஏன் மாட்டேன்னு சொல்லப்போறேன்?"

வலி வந்தது. அவள் தன் உடம்பின் ஸ்டியரிங்கைத் தானே பிடித்தாள். டாக்டரம்மா இழுத்தார். "நிறுத்து, இப்ப மூச்சு மட்டும் விடு" என்றார்; அவள் நிறுத்தினாள். மறுபடி. இன்னும் ஒரு தடவை. பிறகு எல்லாமே ஒரேயடியாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

ஒரு நிமிஷம் எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு ஓர் அழுகை, மழையையே அதட்டுகிற மாதிரி.

"பையன்" என்றாள் ரேடியோ. "அண்ணி, தலை மட்டும் குல்லா போட்ட மாதிரி இருக்கு."

டாக்டரம்மா கேட்டுவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். "சின்னக் கிழிசல்தான். பின்பக்கம் போகல, விரல் விட்டும் பார்த்துட்டேன். ஊசி போடுறேன். சுருக்குன்னு இருக்கும்." சற்று நேரம் கழித்து, "மரத்துப்போச்சா? தைக்கட்டுமா?" என்றார்.

"தைங்க."

மின்சாரம் வந்தது. வயிற்றின் மேல் இருந்த குளிர் எப்போது போனதென்று தெரியவில்லை. தொய்ந்துபோன தோலின் மேல் இரண்டு ஈர உள்ளங்கைத் தடங்கள் மட்டும் இருந்தன. டீச்சர் துடைக்கவிடவில்லை. அவையாகவே காயட்டும் என்று சொல்லிவிட்டாள்.

வெளியே உருண்டுபோன ஸ்டூலை அதற்குப் பிறகு யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கணவன் வார்டு வாசலிலேயேதான் நின்றிருந்தான். கதவு இடிபட்ட சத்தம் கேட்டதாம். ஆனால் கதவு வழியாக எதுவும் வெளியே வரவில்லை என்று சத்தியம் பண்ணினான்.

வீட்டுக்குப் போகும் நாளன்று மழை விட்டிருந்தது. கணவன் பயிற்சிக் காரையே கொண்டுவந்திருந்தான். குழந்தையோடு டீச்சரும் ரேடியோவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முன்னால் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. வெந்நீர்க் குடுவை ஒன்றுதான்.

"பார்த்துப் போங்க, பள்ளம் பள்ளமா இருக்கு" என்றாள் டீச்சர்.

"டீச்சர் பின்னாடி உட்கார்ந்தாலும் பாடம் நிக்காது போலிருக்கே" என்றான் அவன்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டப் போகும்போது கார் சடக்கென்று நின்றது.

"ஏண்ணா, பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு இப்படியா பிரேக் போடுவாங்க?"

"நான் போடலையே" என்றான் அவன். அவன் இரண்டு கால்களும் பிரேக் பெடலைவிட்டுத் தள்ளித்தான் இருந்தன. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. வண்டி நகர மறுத்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். பக்கத்து சீட்டின் கீழே, அவளுடைய அந்த இரண்டாவது பிரேக், தரையைத் தொடும் அளவுக்கு அழுந்தியிருந்தது. ரப்பரின் மேல் ஈரம்.

காருக்கு முன்னால் ஒருவர் தோளில் எதையோ சுமந்துகொண்டு வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம்புது இரும்பு ஸ்டூல். இரண்டு படி.

டீச்சர் கண்ணாடியை இறக்கினாள். "அண்ணே! அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"பிரசவ வார்டுக்குங்க. பழசு காணாமப் போச்சாம்."

 டீச்சர் குழந்தையை ரேடியோவின் மடியில் வைத்தாள். கதவைத் திறந்தாள்.

"அண்ணி, தையல்!"

"தையல் தாங்கும். இந்தத் தடவை கேட்டுத் தைச்சது."

"தனியாவா போறீங்க?"

 டீச்சர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி நின்றாள். அவள் நேராக நிற்கவும், முன்பக்கத்துக் கதவு தானாகத் திறந்து, தானாக மூடியது. கார் ஒரு பக்கமாக லேசாக உயர்ந்து கொடுத்தது, ஆள் இறங்கியதைப் போல.

வாசலைப் பார்த்து நடந்தாள். தையல் போட்ட உடம்பு, அடிமேல் அடி வைத்துத்தான் நடக்க முடிந்தது. ஈரத் தரையில் அவள் செருப்புச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வெறுங்கால் சத்தம் ஒன்று கேட்டது.

அதுவும் அவசரப்படவில்லை.